குற்றமும் குற்ற அச்சமும்: சேரியின் மேல் எழுதப்பட்ட வரலாறு

நம் ஊராகிய திருநின்றவூருக்குப் பூசலார் நாயனாரால் ஒரு பெருமை உண்டு. கல்லும் மரமும் வாங்கப் பொருளில்லாத அப்பெரியார், தம் நெஞ்சகத்திலேயே சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தார் என்பது பெரிய புராணம் கூறும் செய்தி. காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர் மன்னன் அக்கோயிலைத் தேடி நின்றவூருக்கு வந்து, கண்ணுக்குப் புலனாகும் கோயில் ஒன்றும் இல்லாமை கண்டு வியந்தான் என்றும் அந்நூல் கூறுகிறது. மனத்திற்குள் கட்டப்படும் ஒன்று கல்லால் கட்டப்படுவதைக் காட்டிலும் உறுதி பெறக்கூடும் என்பதே அக்கதை உணர்த்தும் கருத்து. அன்பு மட்டுமன்று, அச்சமும் அவ்வாறே மனத்திற்குள் எழுப்பப்படும் கட்டடமாகும். ஒரு நகரத்தில் எந்தத் தெரு பாதுகாப்பானது, எந்தத் தெருவில் பொழுது சாய்ந்தபின் கால் வைக்கக் கூடாது என்று மக்கள் எண்ணும் எண்ணம், பெரும்பாலும் அத்தெருவில் உண்மையாக நடந்த குற்றங்களின் கணக்கிலிருந்து பிறப்பதில்லை. அது வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேரி என்ற சொல்லைக் கேட்டவுடன் களவும் சண்டையும் நினைவுக்கு வரும்படி இந்நாட்டில் ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இப்பழக்கம் தொன்றுதொட்டு வந்ததன்று. இதற்குத் தொடக்கம் உண்டு, ஆண்டுகள் உண்டு, சட்டங்கள் உண்டு. தொடக்கம் உள்ள ஒன்றுக்கு முடிவும் உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

காவல் செய்தவர் யார்?

செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக நம் ஊர் நெடுங்காலம் இருந்தது. 1997ஆம் ஆண்டு சனவரித் திங்களில்தான் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. அப்பழைய மாவட்டத்துக் கிராமங்களில் களத்து நெல்லுக்கும், ஏரி நீருக்கும், வயலின் எல்லைக்கும் காவலாக நின்றவர்களில் நம்மவர் பலர். வெட்டியான் என்றும் தலையாரி என்றும் பெயர் பெற்று, இரவெல்லாம் விழித்திருந்து ஊராரின் விளைச்சலைக் காத்தனர். அதற்குக் கூலியாகக் களத்தில் சில மரக்கால் நெல்லைப் பெற்றனர். எல்லைத் தகராறு எழுந்தபோது, இன்னார் நிலம் இதுவரைதான் என்று சொல்லும் சாட்சியும் அவர்களே. தன் உடைமையை எவரிடம் ஒப்படைத்து உறங்கினார்களோ, அவரையே கள்வர் என்று பிற்காலத்தில் அஞ்சியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சென்னைப் பட்டணத்திலும் தொடக்கத்தில் காவல் இவ்வகையிலேயே அமைந்தது. கும்பினியார் காலத்தில் பெத்த நாயக்கர் என்ற பாளையக்காரரிடம் பட்டணக் காவல் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கீழே தலையாரிகள் பணி செய்தனர். களவு போன பொருளை மீட்டுத் தரவேண்டும், மீட்க இயலாவிடில் அதன் மதிப்பை ஈடு செய்யவேண்டும் என்பது அவர் ஏற்றிருந்த கடமை. பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயரில் அவர் நினைவு இன்றும் நிற்கிறது. அம்முறையில் குறைகள் பல இருந்திருக்கலாம். ஆயினும் அதில் ஓர் இயல்பைக் கவனிக்க வேண்டும். களவு நடந்தால் காவல் செய்தவரே பொறுப்பு. இன்ன தெருவில் பிறந்தவரெல்லாம் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இல்லை.

1850ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கிற்று. வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் குடிகளைச் சித்திரவதை செய்கின்றனர் என்ற புகாரை விசாரிக்கச் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. 1855இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, புகார் உண்மையே என்று காட்டிற்று. 1856இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு ஒரு காவல் சட்டமும், 1859இல் மாகாணத்தின் மாவட்டங்களுக்கு மற்றொரு சட்டமும் வந்தன. சம்பளம் பெறும் காவலர், நிலையம், பதிவேடு என்னும் இன்றைய அமைப்பு அப்போது உருவாயிற்று. பதிவேடு என்பது நடுநிலையான ஏடு போலத் தோன்றும். ஆயினும் அதில் எவர் பெயர் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் தன்மை அமைகிறது.

இருப்புப்பாதையும் உப்பு வணிகமும்

அதே 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று, இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இன்று நாம் நாள்தோறும் வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் பாதை அதுவே. அப்பாதையால் நாடு பெற்ற நன்மை பெரிது. ஆயினும் ஒரு கூட்டத்தாரின் பிழைப்பு அதனால் அழிந்தது. அவர்கள் குறவர். கடற்கரை அளங்களில் உப்பை வாங்கிப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து தானியத்தை மாற்றிவரும் வணிகர்களாக அவர்கள் வாழ்ந்தனர். உப்பின் மீது அரசு தனியுரிமை கொண்டது. புகைவண்டி அச்சரக்கைச் சுமந்து சென்றது. காட்டுச் சட்டங்கள் மாடுகளின் மேய்ச்சலைத் தடுத்தன. வாணிகம் இழந்தவர் ஊர் ஊராக அலைந்தனர். அலைந்தவரை அரசு ஐயுற்றது.

வடநாட்டில் 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் திருத்தி அமைக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு சாதியாரையோ கூட்டத்தாரையோ முழுமையாகக் குற்றவாளிகள் என்று அரசு அறிவிக்கலாம் என்பதே அச்சட்டத்தின் உயிர்நிலை. அறிவிக்கப்பட்டவர் தம் கைரேகையைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், குறித்த வேளையில் நேரில் தோன்ற வேண்டும், ஊரை விட்டுச் செல்வதானால் சீட்டுப் பெற வேண்டும். கைக்குழந்தையும் பிறப்பினாலேயே அக்கூட்டத்தில் சேர்ந்ததாகக் கருதப்பட்டது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

அச்சட்டத்தின் கீழ்க் குறவர் வந்தனர், கள்ளர் வந்தனர், வேறு பலரும் வந்தனர். தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர் என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். ஒரு வட்டாரத்தில் வாழ்ந்த நம்மவர், ஓர் அறிவிப்பினால் பிறவிக் குற்றவாளிகள் ஆயினர். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த கள்ளர் குல மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர் சுட்டதில், ஒரு பெண்மணி உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீண்ட போராட்டத்தின் பின் சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதற்கும் 1952 ஆகஸ்டு 31இல் நீங்கிற்று. ஆயினும் அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1948லேயே இயற்றப்பட்டது. பரம்பரை என்ற சொல் போயிற்று, பார்வை போகவில்லை.

இதில் நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. குற்றம் இருந்ததனால் அச்சம் வந்தது என்று அக்காலத்து அதிகாரிகள் எழுதினர். நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறு ஓர் உண்மை புலனாகும். பிழைப்பு அழிந்தது, அலைச்சல் வந்தது, அலைபவர் மீது ஐயம் பிறந்தது, ஐயம் சட்டமாயிற்று, சட்டம் பதிவேடாயிற்று, பதிவேடு சான்றாயிற்று. சான்று இருக்கிறதே என்று அடுத்த தலைமுறை அஞ்சிற்று.

1921: புளியந்தோப்பு

வட சென்னையின் மீது படிந்த அச்சத்துக்கும் இவ்வகை வரலாறு உண்டு. பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளில் பல்லாயிரவர் உழைத்தனர். அவர்களுள் ஆதிதிராவிடர், சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர் என்று பல திறத்தாரும் இருந்தனர். 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முன்னோடித் தொழிற்சங்கங்களுள் ஒன்றென்பது யாவரும் அறிந்ததே. 1921இல் அவ்வாலைகளில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. வறுமையினாலும், தம் தலைவர்களின் அறிவுரையினாலும் ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். கூலித் தகராறாகத் தொடங்கிய ஒன்று சாதிக் கலவரமாக மாறிற்று. புளியந்தோப்பிலும் சுற்றுப்புறங்களிலும் குடிசைகள் எரிக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. வீடிழந்த நம் மக்களுக்கு வியாசர்பாடியில் அரசு முகாம் அமைத்தது. எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார். இந்நிகழ்ச்சி குறித்து நீதிக்கட்சித் தலைவர்களுக்கும் அவருக்கும் ஏற்பட்ட பிளவு, 1923இல் அவர் அக்கட்சியை விட்டு நீங்குவதில் முடிந்தது.

அன்று ஆலை முதலாளிகளின் பிடிவாதத்துக்கும், அரசின் சூழ்ச்சிக்கும், சங்கத்துக்குள் சாதி உணர்வை வெல்ல இயலாமைக்கும் பங்கு இருந்தது. ஆனால் பிற்காலத்து நகரமக்கள் நினைவில் எஞ்சியது யாது? முதலாளிகளின் மாளிகை கலவரப் பகுதி என்று பெயர் பெறவில்லை. குடிசை எரிந்தவர் வாழ்ந்த புளியந்தோப்பும் வியாசர்பாடியுமே அப்பெயரைச் சுமந்தன. துன்புற்ற இடமே அச்சத்துக்குரிய இடமாக எழுதப்பட்டது. பின்னர் 1996இல் அவ்வாலைகள் மூடப்பட்டபோது, அவ்வட்டாரத்து இளைஞர்கள் தந்தையர் உழைத்த வாயிலை இழந்தனர். அத்தெருக்களில் சில சச்சரவுகள் மிகுந்தன என்றால், மூடிய வாயிலை விட்டுவிட்டுப் பிறப்பை மட்டும் காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அப்படியானால் சேரிகளில் குற்றமே இல்லையா என்று சிலர் வினவுவர். உண்டு. நாம் அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் எவ்வளவு உண்டு, யாருக்கு எதிராக உண்டு, ஏன் உண்டு என்ற மூன்று வினாக்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலாவது, காவல் நிலையக் கணக்கு என்பது நடந்த குற்றங்களின் கணக்கன்று, பதியப்பட்ட குற்றங்களின் கணக்கு. 1953 முதல் நடுவணரசு ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரங்களை வெளியிட்டு வருகிறது. 1986இல் அதற்கெனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. அந்நூல்களில் உள்ளவை காவல் நிலையத்தார் வழக்காகப் பதிந்தவையே. 2017இல் தில்லி, மும்பை, பெங்களூர், சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் வீடு வீடாகச் சென்று எடுத்த ஓர் ஆய்வில், பொருளைக் களவு கொடுத்தோருள் மிகச் சிறுபான்மையோரே முதல் தகவல் அறிக்கை வரை சென்றனர் என்பது தெரியவந்தது. ஆகவே ஓரூரில் வழக்குகள் குறைவு என்றால் குற்றம் குறைவு என்றோ, மிகுதி என்றால் குற்றம் மிகுதி என்றோ உடனே முடிவு கட்டலாகாது. புகாரை மறுக்காமல் பதியும் நிலையத்தின் எண் உயர்ந்தே தோன்றும். ஒரு தெருவில் இரவுதோறும் சோதனை நடத்தினால் அத்தெருவின் எண்ணும் உயரும். மதில் சூழ்ந்த மாளிகைக்குள் நடக்கும் கணக்கு மோசடியை இரவு ரோந்து கண்டுபிடிப்பதில்லை.

இரண்டாவது, குற்றம் வயிற்றோடும் வாழ்விடத்தோடும் தொடர்புடையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தானியக் களவும் கொள்ளையும் பெருகின. மழை பெய்து விளைச்சல் வந்ததும் தணிந்தன. மக்கள் அதே மக்கள்தாம். மாறியது நெல்லின் விலை. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஷா, மெக்கே என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1942இல் ஒரு நூலை வெளியிட்டனர். அந்நகரின் சில வறிய வட்டாரங்களில் முதலில் ஓரினத்தார் குடியிருந்தனர், பின்னர் அவர்கள் முன்னேறி வெளியேற வேறோரினத்தார் வந்தனர், அவர்களும் வெளியேற மற்றோரினத்தார் வந்தனர். குடியிருந்தோர் மாறியும் இளங்குற்றவாளிகளின் விகிதம் அவ்விடங்களில் உயர்ந்தே இருந்தது. வெளியேறிய இனத்தாரோ புதிய இடங்களில் அமைதியாக வாழ்ந்தனர். குற்றம் குருதியில் இல்லை, வாழ்நிலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, அச்சம் வேறு, ஆபத்து வேறு. இங்கிலாந்தில் 1982இல் தொடங்கப்பெற்ற குற்றக் கணக்கெடுப்பில் மக்களிடமே நேரில் கேட்டபோது, முதிய பெண்மணிகளே மிகுதியாக அஞ்சினர் என்பதும், ஆனால் தெருவில் தாக்கப்படுவோருள் பெரும்பாலோர் அவ்வளவாக அஞ்சாத இளைஞர்களே என்பதும் வெளிப்பட்டன. அஞ்சுவோரின் அச்சம் பொய்யென்று இதற்குப் பொருளன்று. தாக்குண்டால் தாங்க இயலாத உடல், துணையற்ற தனிமை, இருண்ட தெரு ஆகியவை அவ்வச்சத்துக்குக் காரணங்கள். ஆயினும் அச்சத்தின் அளவைக் கொண்டு குற்றத்தின் அளவைக் கணக்கிட முடியாது என்பது உறுதியாயிற்று.

இதற்கு மாறாக, அச்சத்தையே வரைபடமாக்கிய முயற்சிகளும் உண்டு. இலண்டன் மாநகரின் வறுமையை ஆராய்ந்த சார்லஸ் பூத் 1889இல் வெளியிட்ட வரைபடத்தில் தெருக்களுக்கு வண்ணம் தீட்டினார். கருநிறம் தீட்டப்பட்ட தெருக்களில் வாழ்வோர் கடைநிலையினர், குற்ற இயல்பு கலந்தவர் என்பது அவ்வரைபடத்தின் குறிப்பு. அவர் நோக்கம் வறுமையைக் காட்டுவதே. ஆயினும் ஒரு தெருவில் வாழ்வோர் அனைவரும் ஒரே நிறத்தைப் பெற்றனர். நம் நகரங்களில் வண்ணம் தீட்டிய வரைபடம் தேவைப்படவில்லை. சேரி என்ற பெயரே அந்தக் கருநிறமாயிற்று.

முகவரி என்னும் சுமை

தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. குடிசைவாசிகளுக்கு அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடு என்பது அதன் தொடக்ககாலக் கொள்கைகளுள் ஒன்று. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர்ப் பெரும்பாக்கம் என்று நகரின் வெளிப்புறத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. சென்னையின் நடுவிலிருந்து குடும்பங்கள் அங்கு அனுப்பப்பட்டன. நம் மாவட்டத்துக் கூடப்பாக்கத்திலும் கூவக்கரையிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்டனர். வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. வீட்டுக்கு உறுதியான சுவர் கிடைத்தது உண்மை. ஆனால் வேலை செய்த இடம் பல கல் தொலைவாயிற்று. பிள்ளைகளின் பள்ளி மாறிற்று. அக்கம்பக்கத்தில் ஒருவரையொருவர் அறிந்திருந்த பழைய உறவு கலைந்தது. பெண்கள் நடக்கும் பாதையில் விளக்கில்லை. வேலையற்ற இளைஞரும், ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டால் சச்சரவு எழும் என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டுமோ?

அதன்பின் அவ்விடங்களுக்குக் குற்றவாளிகளின் இருப்பிடம் என்ற பெயர் வந்தது. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகக் கூறிவருகின்றனர். உறவினர் முகவரியை எழுதி வேலை தேடுவோரும் உண்டு. வேலை கிடைக்காமையால் வறுமை, வறுமையால் சச்சரவு, சச்சரவால் மீண்டும் அப்பெயர். உழவுமாடு செக்கைச் சுற்றுவது போல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரசு ஆவணங்களில் நம் வாழ்விடங்களைக் குறித்துவந்த ‘காலனி’ என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டமையால், அச்சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. பெயரோடு தெருவிளக்கும், பேருந்தும், வேலையும் வரவேண்டும்.

காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேடும் இவ்வாறே ஒரு முகவரி. ஒருவர் பெயர் அதில் ஏறிவிட்டால், அவர் செய்யாத குற்றத்துக்கும் அவர் வீட்டுக் கதவே முதலில் தட்டப்படும். 2024 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில், குற்றமற்ற இளைஞர்களின் பெயர்கள் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட பின்னணி காரணமாகவே இப்பதிவேடுகளில் இயந்திரம் போல ஏற்றப்படும் நிலை சுட்டிக்காட்டப்பட்டது. அதைத் தடுக்க மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 3இல் வந்த மற்றொரு தீர்ப்பு, சிறைகளில் சாதி பார்த்து வேலை பங்கிடும் விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று நீக்கிற்று. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டும் சிறை விதிகளையும் கண்டித்தது. 1952இல் செத்ததாக எண்ணிய சட்டத்தின் நிழல், எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் உச்ச நீதிமன்றத்தால் விரட்டப்பட வேண்டியிருந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நாம் அஞ்சிய தெருக்கள்

குற்ற அச்சத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பக்கத்தையே எழுதுவர். சேரியைக் கண்டு ஊர் அஞ்சியது பற்றி எழுதுவர். ஊரைக் கண்டு சேரி அஞ்சியது எங்கும் குற்றக் கணக்கில் ஏறவில்லை. செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடந்தால் அடி, பொதுக்கிணற்றில் நீர் மொண்டால் அடி என்ற காலம் ஒன்றிருந்தது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் அனைவருக்கும் உரிமை உண்டு என்று சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தெருவில் நடப்பவரை அடிப்பது குற்றம் என்பதே 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தபின்னர்தான் சட்டநூலில் தெளிவாக எழுதப்பட்டது. எந்தச் செயலைக் குற்றம் என்று எழுதுவது, எதனை வழக்கம் என்று விடுவது என்பதை முடிவு செய்தவர் எவரோ, அச்சத்தின் வரைபடத்தையும் அவரே வரைந்தார்.

அச்சமே குற்றமாகும்போது

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவுக்கு வருவோம். 2018 மே மாதத்தில் வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கூட்டம் வந்திருக்கிறது என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகள் வழியே வட தமிழகமெங்கும் பரவிற்று. அந்த அச்சத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், ஊர் பேர் சொல்லத் தெரியாது திரிந்த ஒரு மனிதர் அடிக்கப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். கடத்தப்பட்ட குழந்தை ஒன்றும் இல்லை. நடந்த குற்றம் கொலை ஒன்றே, அதைச் செய்தது அச்சம்.

2023 மார்ச்சில் இதற்கு எதிர்ப்பக்கம் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படங்கள் வடநாட்டில் பரப்பப்பட்டன. இங்கு உழைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்ப முற்பட்டனர். பீகார் அரசு அனுப்பிய குழுவினர் நேரில் வந்து விசாரிக்கும் நிலையும் ஏற்பட்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும், அம்பத்தூரிலும், நம் ஊரைச் சுற்றிய கட்டட வேலைகளிலும் இன்று ஒடிசா, பீகார், வங்காளம், அஸ்ஸாம் மாநிலத்து இளைஞர்கள் உழைக்கின்றனர். ஓர் அறையில் பத்துப்பேர் தங்கி, இரவு வேலை முடித்து இருளில் நடந்து வருகின்றனர். தெருவில் ஒரு நகைப் பறிப்பு நடந்தால் முதலில் எவரைச் சுட்டுகிறோம்? நம் பாட்டனை நோக்கி நீண்ட அதே விரல், இன்று நம் கையிலிருந்து அவர்களை நோக்கி நீளவில்லையா? இருளரையும் நரிக்குறவரையும் கண்டால் நம் தெருவிலும் சிலர் கதவைச் சாத்துவதில்லையா? வடு பெற்றவன் பிறருக்கு வடு செய்தல் தகாது. இதனை உணராத கல்வி, கல்வியாகாது.

செய்யத்தக்கவை

இவ்வாறு கூறுவதனால் காவல் வேண்டா என்பது நம் கருத்தன்று. களவாலும் போதைப் பழக்கத்தாலும் பெண்களுக்கு எதிரான தீங்காலும் மிகுதியாகத் துன்புறுவோர் வறியோரே. மாளிகைக்குக் காவலாளியும் கண்காணிப்புக் கருவியும் உண்டு, குடிசைக்குத் தாழ்ப்பாள் மட்டுமே உண்டு. 2022 சனவரி முதல் நாள் ஆவடி தனிக் காவல் ஆணையரகம் ஆயிற்று. திருநின்றவூரும் அதன் கீழ் வந்தது. நம் தெருவுக்கும் ரோந்து வரவேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். நம்மைப் பிடிக்க வரும் ரோந்தாக அன்றி, நம்மைக் காக்க வரும் ரோந்தாக அது அமையவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உரைத்துப் பெறக் கல்வி வேண்டும்.

ஆதலின் நம் இளைஞர்கள் சில செய்திகளை மனத்தில் இருத்துதல் நன்று. 2024 சூலை முதல் நாளிலிருந்து நடப்பிலுள்ள புதிய குற்ற விசாரணைச் சட்டத்தின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். குற்றம் தம் எல்லையில் நடக்கவில்லை என்று சொல்லி மறுக்கலாகாது. முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறுவது உரிமை. கைது செய்யப்பட்டவரின் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி அறிவிக்கப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின்படி பட்டியல் சாதியினர் அனைவரும், வருமான வரம்பின்றி, இலவச வழக்கறிஞர் உதவிக்கு உரியவர். பட்டியல் சாதியினர் மீது பிறர் பொய்யாகவும் தீய எண்ணத்துடனும் வழக்குத் தொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம். இவற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் அறிந்திருந்தால், அறியாமையால் வரும் அச்சம் பாதி நீங்கிவிடும்.

அதற்கும் மேலாக, தெருவை நாமே காக்கும் பழக்கம் வேண்டும். சிக்காகோ நகரில் 1990ஆம் ஆண்டுகளில் மீண்டும் நடந்த ஆராய்ச்சியில், ஒரே அளவு வறுமையுடைய தெருக்களிலும், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, பிறர் பிள்ளையையும் தம் பிள்ளைபோல் கண்டித்துத் திருத்தும் தெருக்களில் வன்முறை குறைவாக இருந்தது என்று கண்டனர். நம் முன்னோர் சேரியில் இதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் செய்து வந்தனர். மாமன் என்றும் சித்தி என்றும் அழைக்கப்படுவோர் ஒவ்வொரு திண்ணையிலும் அமர்ந்திருந்தனர். பிள்ளை தவறு செய்தால் பெற்றோருக்கு முன்னரே அவர்கள் கண்டித்தனர். மாலை நேரத்தில் விளக்கேற்றி நடக்கும் படிப்பு வகுப்பு ஒன்று, ஒரு தெருவுக்குக் காவலர் இருவருக்கு ஒப்பாகும். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவந்த பணியை இப்பொருளிலும் காணலாம்.

இளைஞர்களே! உங்கள் தெருவின் பெயரை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அப்பெயருக்கு இழிவைத் தந்தவை ஒரு சட்டமும், ஒரு பதிவேடும், பல வதந்திகளுமே என்பதை அறிந்து எழுதுங்கள். குற்றம் கண்டால் கண்டியுங்கள், அது உங்கள் வீட்டில் நடந்தாலும் மறைக்காதீர்கள். அச்சம் கண்டால் அதன் வரலாற்றைக் கேளுங்கள், அது உங்கள் நெஞ்சில் எழுந்தாலும் கேளுங்கள். பிறந்த தெருவைக் கொண்டு மனிதனை மதிப்பிடும் வழக்கம் நம் தலைமுறையோடு ஒழியட்டும்.